உண்டபின் கூறும் விலை

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அப்பகுதியை எடுத்துக்காட்டாத தமிழ்ச் சங்க மேடை இந்நாட்டில் இல்லை எனலாம். ஆயினும், அம்மேடையிலிருந்து இறங்கி உணவகத்துக்குச் செல்லும் நாம், கல்லாவில் அமர்ந்திருப்பவர் பற்றுச்சீட்டில் இல்லாத ஒரு தொகையைக் கேட்கும்போது வாய்திறவாது கொடுத்துவிட்டு வெளியேறுகின்றோம். பண்டை வணிகரின் அறத்தை வியந்து பேசும் நமக்கு, இன்றைய வணிகர் செய்யும் பிழையை அவர் முகத்துக்கு நேரே சுட்டும் துணிவு இல்லை. இக்கட்டுரை அத்துணிவின்மையையும் அதன் நிழலில் தழைத்துவரும் ஒரு சிறு கொள்ளையையும் பற்றியது.

சிறு கொள்ளை என்றது, கடனட்டையாலோ பற்றட்டையாலோ பணம் செலுத்துவோரிடம் இரண்டரை அல்லது மூன்று சதவீதம் மேலதிகமாக அறவிடும் வழக்கத்தையே. தொகை சிறிது, ஆதலால் அதனைப் பற்றி எழுதுவது பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்குத் தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் வெலிமடையிலே தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மையார்.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை ஊடாகச் செங்கலடி வரை செல்லும் ஏ5 பெருந்தெருவைப் பயன்படுத்தும் மாணவர்கள் வெலிமடையை நன்கறிவர். மரக்கறி லொறிகளும் உருளைக்கிழங்கு மூடைகளும் நிறைந்த நகர் அது. சிங்கள விவசாயியும் முஸ்லிம் வணிகரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே கடைத்தெருவில் ஒருவரையொருவர் உராய்ந்து நடப்பர். பண்டாரவளைக்குச் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்திருப்போரை நம்பி அங்கே உணவகங்கள் பல நடைபெறுகின்றன. விடுமுறையொன்றில், எமது முதலாம் வருட மாணவி ஒருவரையும் அவருடைய தாயாரையும் அந்நகரிலே சந்தித்தேன். தாயார் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். மகளுக்கு மகாபொலப் புலமைப்பரிசிலின் முதற்கொடுப்பனவு வங்கிக் கணக்கில் வந்திருந்தது. "இன்றைக்கு என்ர காசில சாப்பிட வேணும் சேர்" என்று அவர் வற்புறுத்தினார். மறுத்தால் அவர் மனம் புண்படும் என்று உணர்ந்து உடன்பட்டேன்.

மூவர் உண்டோம். பற்றுச்சீட்டில் 2,400 ரூபா எழுதப்பட்டிருந்தது. மாணவி தமது அட்டையை நீட்டினார். கல்லாவில் இருந்தவர் அன்பாகவே கூறினார்: "காட்டுக்கு மூணு பர்சன்ட் கூட வரும், தங்கச்சி." மாணவி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் தாயார் என் பக்கம் திரும்பி, "இங்கயும் சாக்குக் கழிவாங்க ஐயா?" என்று கேட்டார்.

மலையகத்தைச் சேராத வாசகருக்கு இச்சொல்லை விளக்கவேண்டும். பறித்த கொழுந்தை மலையிலே நிறுக்கும்போது, நிறுவையில் காட்டும் கிலோவெல்லாம் தொழிலாளியின் பெயருக்கு எழுதப்படுவதில்லை. சாக்கின் பாரத்துக்கென்றும், மழை ஈரத்துக்கென்றும், முற்றிய இலைக்கென்றும் சில கிலோக்கள் கழிக்கப்படுவதாகத் தொழிலாளர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். சாக்குக்குப் பாரம் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், எத்தனை கிலோ கழிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் நிறுப்பவர்; அதனைத் தாங்குபவர் பறிப்பவர். மழைபெய்த நாளில் ஈரத்துக்குக் கழிப்பவர், வெயில் காய்ந்த நாளில் அதற்கு ஈடாக எதனையும் கூட்டுவதில்லை. கழிக்கும் அளவு முன்கூட்டியே சொல்லப்படுவதுமில்லை. கூடை காலியான பின்னரே தெரியவரும். அவ்வம்மையாரின் வினாவில் நகைச்சுவையில்லை, உவமை நயமுமில்லை. தாம் அன்றாடம் கண்ட ஒன்றை இன்னோரிடத்தில் கண்டு இன்னதென்று அடையாளங் காட்டினார், அவ்வளவே. பொருளியல் கற்ற நண்பர்கள் பலரோடு பின்னர் இதுபற்றி உரையாடியிருக்கின்றேன். அவருடைய ஒரு வினாவுக்கு ஈடான தெளிவை அவர்களிடம் நான் பெறவில்லை.

அவர் கண்டது என்ன என்பதைச் சற்று விரித்து நோக்குவோம். உணவகத்திலுள்ள அட்டை இயந்திரத்தை ஒரு வங்கி வழங்குகின்றது. வாடிக்கையாளரின் அட்டையை வழங்கியது பெரும்பாலும் வேறொரு வங்கி. இரண்டுக்கும் நடுவே விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பு உள்ளது. அட்டை மூலம் பெறும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு பங்கை வங்கி எடுத்துக்கொண்டு எஞ்சியதையே வணிகரின் கணக்கில் வைக்கின்றது. அப்பங்கு இம்மூவரிடையே பகிரப்படுகின்றது. இதற்கு மாற்றாக வணிகர் பெறுவதும் உண்டு. கையில் காசில்லாதவரும் அவரிடம் உண்ண வருகின்றார். கள்ளநோட்டு அச்சம் இல்லை. சில்லறைத் தட்டுப்பாடு இல்லை. இரவில் பணப்பெட்டியைச் சுமந்து வீடு செல்லும் இடர் இல்லை. ஆகவே வங்கிக்குக் கொடுக்கும் பங்கு, கடை வாடகையும் மின்கட்டணமும் எரிவாயுச் செலவும் போன்று தொழில் நடத்தும் செலவுகளுள் ஒன்று. எரிவாயு விலை ஏறினால் சோற்றின் விலை ஏறலாம்; அது பட்டியலில் தெரியும். ஆனால் உண்டு முடித்தவரிடம் வந்து, "நீங்கள் உண்ட சோறு எரிவாயுவில் வெந்தது, அதற்குத் தனியாக மூன்று சதவீதம் தருக" என்று எந்த உணவகமும் கேட்பதில்லை. அட்டைக்கு மட்டும் கேட்கப்படுவது ஏன்? கேட்டால் கிடைக்கின்றது என்பதைத் தவிர வேறு விடையை நான் அறியேன்.

இதற்கு அனுமதியும் இல்லை. இயந்திரத்தை வழங்கும் வங்கியுடன் வணிகர் செய்துகொள்ளும் உடன்படிக்கையின்படி, இக்கட்டணத்தை வாடிக்கையாளர்மீது சுமத்தலாகாது. இலங்கை மத்திய வங்கியும் இதனைப் பொதுமக்களுக்கு அறிவித்து, அவ்வாறு அறவிடப்பட்டால் அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடுமாறு கூறியுள்ளது. நல்ல அறிவித்தலே. ஆனால் அது எங்கே தொங்குகின்றது? வெலிமடையில் நான் நின்ற கல்லாவின் பின்னாற் சுவரில் தெய்வப்படம் இருந்தது, நாட்காட்டி இருந்தது, "கடன் இல்லை" என்ற அறிவித்தலும் இருந்தது. அட்டைக்கு மேலதிகக் கட்டணம் இல்லை என்ற வாசகம் மட்டும் இல்லை. வங்கியும் வணிகரும் தமக்குள் கையெழுத்திட்ட ஒரு தாளில் நுகர்வோரின் உரிமை எழுதப்பட்டிருக்கின்றது. அத்தாளை நுகர்வோர் ஒருநாளும் காணமாட்டார்.

உணவகத்தில் இவ்வறவீடு ஏனைய கடைகளிலும் பார்க்கக் கொடியது என்பதையும் இங்கு வற்புறுத்தவேண்டும். புடவைக் கடையில் மூன்று சதவீதம் கூடுதல் என்றால் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். வன்பொருட் கடையில் ஆணியைத் திருப்பிக் கொடுக்கலாம். உண்ட சோற்றை யார் திருப்பிக் கொடுப்பது? கொள்வோர் மறுக்கும் வாய்ப்பை இழந்த பின்னரே கொடுப்போர் விலையைக் கூறுகின்றார். பேரம் என்பதற்கு இரு தரப்பிலும் மறுக்கும் உரிமை வேண்டும். அவ்வுரிமை ஒரு தரப்பில் அற்றுப்போன பின் கூறப்படுவதை விலை என்று சொல்வதே சொல்லுக்கு இழுக்கு. அதனோடு மானப் பிரச்சினையும் சேர்கின்றது. விருந்தினர் அருகில் நிற்க, பின்னால் வரிசை நீள, 72 ரூபாவுக்காக வழக்காடும் மனிதர் எத்தனைபேர்? நம் பண்பாட்டின் கூச்சமே இங்கு வணிகரின் மூலதனமாகின்றது.

72 ரூபா என்ன பெருந்தொகையோ என்பார்க்கு ஒரு கணக்கு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டது. அதனை எட்டு மணித்தியால நாளுக்குப் பகுத்தால், 72 ரூபா ஏறத்தாழ இருபத்தைந்து நிமிட உழைப்பு. மகாபொலக் கொடுப்பனவு 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 250 ரூபா. அந்த 250 இல் 72 ஐ, உணவுக்காக அன்றி உணவுக்குப் பணம் செலுத்தியமைக்காக, அம்மாணவி கொடுத்தார். அட்டை வைத்திருப்போர் செல்வர். அவர்களிடம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உள்ளது. அது பழைய காலத்து எண்ணம். இன்று ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் தோட்டத்துப் பெண்ணின் சம்பளமும் வங்கிக்கே வருகின்றது. மாணவரின் உதவிப்பணமும் வங்கிக்கே வருகின்றது. அட்டை அவர்களுக்கு ஆடம்பரச் சின்னமன்று; தமது கூலியைத் திறக்கும் ஒரே திறவுகோல். வேறு வங்கியின் இயந்திரத்தில் காசெடுத்தால் அதற்கும் கட்டணம் உண்டு.

வெலிமடையை விட்டு எல்ல, பண்டாரவளைப் பக்கமாகச் சென்றால் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். உல்லாசப் பயணிகள் திரளும் உணவகங்களில் பத்துச் சதவீத சேவைக் கட்டணமும், பதிவுசெய்த நிறுவனமாயின் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரியும் கூடும். 2,000 ரூபா உணவு, சேவைக் கட்டணத்துடன் 2,200, வரியுடன் 2,596. இவ்விறுதித் தொகையின் மேலேயே மூன்று சதவீதம் ஏற்றப்படுகின்றது: 77 ரூபா 88 சதம். அரசுக்குச் சேரவேண்டிய வரிக்கும் பரிசாரகருக்கென்று பெறப்பட்ட பணத்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர் அட்டைக் கட்டணம் கொடுக்கின்றார். வங்கி எடுப்பது இரண்டரைச் சதவீதமே எனக் கொண்டால், முழுத்தொகையின் மீதும் அது 66 ரூபா 85 சதம். மிகுதி 11 ரூபா எவருடையது? சாக்கின் பாரம் ஒரு கிலோவாக இருக்க இரண்டு கிலோவைக் கழித்த கதைதான்.

வணிகரின் பக்கத்தையும் கூறாதுவிடல் முறையன்று. வெலிமடை போன்ற சிறுநகரின் உணவகம் பெருலாபம் ஈட்டும் நிறுவனமன்று. கொழும்பின் பெருவணிகர் வங்கியோடு பேரம்பேசிக் குறைந்த வீதத்தைப் பெறுவர். பத்து மேசை போட்டு நடத்தும் சிறுமுதலாளி வங்கி சொன்ன வீதத்துக்குக் கையெழுத்திடுவார். அவருடைய முறையீடு நியாயமானது. ஆனால் அம்முறையீட்டை அவர் யாரிடம் கொண்டு செல்கின்றார் என்பதே என் வினா. வங்கியின் வாசலுக்குச் செல்லவேண்டிய சினம், சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிடுகின்றது. தன்னிலும் வலியவரிடம் இழந்ததைத் தன்னிலும் மெலியவரிடம் மீட்டுக்கொள்ளும் இவ்வழக்கத்தை மலையக வரலாறு நன்கறியும். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய செலவு தோட்டத்தின் செலவு; ஆயினும், அது கங்காணியின் கணக்கில் முற்பணமாகி, முற்பணம் தொழிலாளியின் கடனாகி, அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. கடனைத் தீர்க்கும் தோட்டம் எதுவோ அதற்கே ஆள் சொந்தம். தம்மைக் கொண்டுவந்த செலவைத் தாமே சுமந்தனர் நம் முன்னோர். 1921 இல் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 72 ரூபாவையும் துண்டையும் ஒரே தராசில் வைக்கும் பேதைமை எனக்கில்லை. செலவு கீழ்நோக்கி உருளும் பாதை ஒன்றே என்பதற்காகவே கூறினேன்.

கூர்மையான மறுப்பு பொருளியலாளரிடமிருந்து வருவது. அட்டைக் கட்டணத்தை எல்லா விலைகளிலும் கலந்துவிட்டால், காசாகக் கொடுக்கும் ஏழைத் தொழிலாளி, அட்டை நீட்டும் உத்தியோகத்தரின் வசதிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கின்றான். ஆகவே அட்டை வைத்திருப்பவனிடமே தனியாக அறவிடுவது நீதி என்பர். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்க முடியாது. முதன்முறை கேட்டபோது நானே தடுமாறினேன். ஆயினும் இரண்டு கேட்கவேண்டும். மேலதிகக் கட்டணம் அறவிடத் தொடங்கிய உணவகம் எதுவேனும் காசுக்கு உண்பவரின் சோற்று விலையைக் குறைத்ததா? நான் கண்டதில்லை. ஏழையின் பெயரால் வசூலித்த பணம் ஏழைக்குச் செல்வதில்லை. இரண்டாவது, காசை எண்ணவும் காக்கவும் வங்கிக்குக் கொண்டுசெல்லவும் ஆகும் செலவை அட்டைக்காரரும் சேர்ந்தே தாங்குகின்றனர். அதற்கெனக் காசு கொடுப்போரிடம் எவரும் தனிக்கட்டணம் கேட்பதில்லை. காசுக்குக் கழிவு தரும் எண்ணமுடைய வணிகர் அதனை வாசலிலே எழுதி வைக்கட்டும். உள்ளே வருபவர் அறிந்து வருவார். அது வேறு, உண்டபின் கூறுவது வேறு. காசாகவே தருமாறு வற்புறுத்தும் சிலருக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அட்டை விற்பனை பதிவாகும், காசு விற்பனை பதிவாகாமலும் போகலாம். இதற்குமேல் இதுபற்றி எழுதுவது இறைவரித் திணைக்களத்தின் வேலை.

உலகின் பிற நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்தன? ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல், அட்டை வழங்கும் வங்கிக்குச் செல்லும் பங்குக்கு வரம்பு விதித்தது: பற்றட்டைக்கு 0.2 சதவீதம், கடனட்டைக்கு 0.3 சதவீதம். கட்டணத்தை முதலில் குறைத்த பின்னரே, 2018 ஜனவரியில், நுகர்வோரின் அட்டைகளுக்கு வணிகர் மேலதிகம் அறவிடுவது தடுக்கப்பட்டது. பிரித்தானியாவும் அதே மாதத்தில் தடுத்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2013 இலேயே பற்றட்டைக்கு மேலதிகம் கேட்பது முறையன்று என வங்கிகளுக்கு அறிவித்தது. கடைகளிற் கேட்பது நின்றபாடில்லை. 2020 ஜனவரி முதல் ரூபே பற்றட்டைக்கும் யூபிஐ முறைக்கும் வணிகர் செலுத்தும் கட்டணத்தையே இல்லாதாக்கிய பின், அவ்வழிகளில் கேட்பதற்குக் காரணமே இல்லாது போயிற்று. அவுஸ்திரேலியாவோ 2003 இல் வணிகருக்கு மேலதிகம் அறவிட இடமளித்தது. நம் பொருளியலாளர் கூறும் நீதி அங்கே முழுமையாகப் பரீட்சிக்கப்பட்டது எனலாம். விளைவு? உண்மைச் செலவுக்கு மேல் அறவிடுவதைத் தடுக்க 2016 இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2025 யூலையில் அந்நாட்டு மத்திய வங்கியே இவ்வறவீட்டை அகற்றும் யோசனையை முன்வைத்தது.

ஆகவே தடை மட்டும் போதாது, அனுமதி மட்டும் ஆகாது. வேரில் உள்ளது வங்கியின் வீதம். இலங்கை மத்திய வங்கியால் அதனைத் தொடமுடியாது என்று எவரும் கூறவியலாது. லங்கா கியூஆர் முறையில் வணிகரிடம் எடுக்கும் கட்டணத்துக்கு அது உச்ச வரம்பு விதித்திருக்கின்றது. சதுரப் படத்துக்கு விதிக்க முடிந்த வரம்பை அட்டைக்கு விதிக்க ஏன் தயக்கம்? சிறுவணிகருக்கு வீதத்தைக் குறையுங்கள். பின்னர் தடையை இயந்திரத்தின் மேலேயே மும்மொழியிலும் ஒட்டுங்கள். முறையிடுவதற்கான தொலைபேசி இலக்கத்தை அதன் கீழ் அச்சிடுங்கள். ஒட்டாத கடையிலிருந்து இயந்திரத்தைத் திரும்பப் பெறுங்கள். இன்று நடப்பதோ மறுதலை. வங்கி தன் பங்கைக் குறையாது எடுத்துக்கொள்கின்றது. விதியைக் காக்கும் பொறுப்பை மட்டும் வெலிமடையில் உண்டுவிட்டு நிற்கும் பதினெட்டு வயது மாணவியிடம் விட்டுவிடுகின்றது.

இனி நம்மைப் பற்றி. அன்று நான் பேசவில்லை. 2,472 ரூபா அட்டையிற் பதிவாயிற்று. நான் பேசாதிருந்தமைக்குக் காரணம் அறியாமை அன்று. விதியை நான் அறிந்திருந்தேன். அற்பத்தொகைக்கு வாதாடும் ஆசிரியர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சமே காரணம். தோட்டத் தொழிலாளி நிறுவைக் களத்தில் வாய்திறந்தால் மறுநாள் வேலையில் அதன் பயனைக் காணவேண்டிவரும். அவர் மௌனத்துக்குப் பொருளுண்டு. என் மௌனத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மையார் கேட்டார்; நான் கேட்கவில்லை. படித்தவர் யார் என்ற வினாவை வாசகரிடமே விடுகின்றேன்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். அட்டைக்கு மேலதிகம் கேட்கப்பட்டால், பற்றுச்சீட்டில் அத்தொகையைத் தனிவரியாக எழுதித் தருமாறு கேளுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறுவது 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தந்த உரிமை. எழுதிக் கேட்டவுடனேயே மூன்று சதவீதம் மறைந்துவிடுவதும் உண்டு. இதனைப் பின்னாளில் பதுளையில் நானே கண்டேன். மறையாவிடின், பற்றுச்சீட்டையும் இயந்திரச் சீட்டையும் பிரதிசெய்து, கடையின் பெயர், திகதி, கேட்ட வீதம் ஆகியவற்றுடன் உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். பிரதியொன்றை அடுத்த தவணைத் தொடக்கத்தில் சங்கச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். முதற் பிரதியாக என்னுடையதை ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருக்கின்றேன்.